ஒரு கூறில் எவ்வளவு ஈரல் இருந்தது?

கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு 58 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக வீடியோக்களைப் பார்த்து ‘பாரம்பரிய உணவு’க்கு மாறிவிட்டார். வாரத்தில் ஐந்து நாள் ஆட்டீரல், ஞாயிற்றுக்கிழமை மூளை, எல்லாமே நெய்யில் வறுத்தது. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். “நம்ம தாத்தா தலைக்கறி, குடல், ரத்தம் எதையும் விட்டுவைக்கல. அவருக்கு என்ன அட்டாக்கா வந்துச்சு? மசாய்க்காரன் பாலும் ரத்தமும் குடிச்சே நல்லா இருக்கான்” என்கிறார். இது சரியா?

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அதோடு இன்னொன்றையும் பாருங்கள். ‘மாத்திரையை நிறுத்திவிட்டார்’ என்றால் எது எதை நிறுத்தியிருக்கிறார்? ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், மீதியைப் படிக்காமல் இப்போதே அவருடைய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அது சாப்பாட்டால் சரியாகிற சமாச்சாரம் இல்லை.

சரி, இப்போது ஈரலுக்கு வருவோம். நான் இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளில் உணவு ஆலோசகராக இருந்தவன். ஈரலுக்கு எதிரி இல்லை. இன்றைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு கறிக்கடையில் ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) கேட்டு நிற்கிற ஆள்தான். உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை. தாத்தா ஈரல் சாப்பிட்டார், அது நிஜம். எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டார் என்பதுதான் அந்தக் கதையில் விட்டுப்போகிறது.

இந்தப் பேச்சின் வேர் நம் ஊரில் இல்லை. வெஸ்டன் பிரைஸ் என்று அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். 1930-களில் சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமங்கள், ஸ்காட்லாந்தை ஒட்டிய தீவுகள், அலாஸ்கா, பசிபிக் தீவுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, பெரு என்று சுற்றி, பழைய முறையில் சாப்பிடுகிறவர்களின் பற்களையும் தாடைகளையும் பார்த்தார். கண்டதை 1939-இல் புத்தகமாகப் போட்டார். மைதா, சர்க்கரை, டின் உணவு போகாத ஊர்களில் பல் சொத்தை குறைவு, அவை போன ஊர்களில் அதிகம் என்பது அவர் கண்டது. அதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஈரல், மீன் தலை, மீன் முட்டை போன்றவற்றை அந்த மக்கள் மதித்துச் சாப்பிட்டதையும் எழுதினார். ஹெப்ரிடீஸ் தீவுகளில் காட் மீனின் தலைக்குள் அதன் ஈரலையும் ஓட்ஸையும் பிசைந்து அடைத்து வேகவைப்பார்களாம். படிக்கும்போதே எனக்கு நம் மீன்தலைக் குழம்பு ஞாபகம் வந்தது.

ஆனால் அவர் பார்த்தது பல். யாருக்கும் இதயத்தில் குழாய் விட்டுப் பார்க்கவில்லை, அன்றைக்கு அந்த வசதியும் கிடையாது. சுவிஸ் மலையில் லோட்சென்டால் என்கிற பள்ளத்தாக்கு மக்களை அவர் ரொம்பப் புகழ்ந்தார். அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியமான ரை மாவு ரொட்டி, சீஸ், பால். கறி வாரத்துக்கு ஒருமுறைதான் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த வரியை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

பிரைஸுக்கு அப்புறம் வந்த வாதம்தான் மசாய், கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கிற மக்கள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே நிஜமாகவே ஒருவர் இதயங்களை அறுத்துப் பார்த்தார். அமெரிக்காவில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மான். 1960-களில் தான்சானியா பக்கத்து மசாய் மக்களைப் பரிசோதித்தார். சாப்பாட்டில் பெரும்பகுதி பால், கூடக் கறி, சில சமயம் மாட்டின் ரத்தம். கொழுப்பு அவ்வளவு இருந்தும் அவர்களுடைய ரத்தக் கொலஸ்ட்ரால் 150-க்கும் கீழே, இசிஜியிலும் மாரடைப்பின் தடயம் அபூர்வம். ‘கொழுப்பு கெடுதல்’ என்று சொன்னவர்களுக்கு இது பெரிய அடி. மானும் அதைச் சொல்லத் தயங்கவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. இறந்துபோன 50 மசாய் ஆண்களின் இதயங்களையும் பெருந்தமனிகளையும் சேகரித்துப் பரிசோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார். அதில் இருந்தது யாரும் எதிர்பார்க்காத விஷயம். அவர்களின் இதயத் தமனிகள் சுத்தமாக இல்லை. உள்சுவர் தடித்திருந்தது, வயதான அமெரிக்கர்களுக்கு இருக்கிற அளவுக்கே தடித்திருந்தது. ஆனால் அடைப்பு இல்லை. ஏன் என்றால் குழாயே அகலமாகியிருந்தது. சுவரில் இரண்டு இஞ்சுக்குப் பூச்சுப் பூசிவிட்டு அறையையே ஆறடி அகலப்படுத்தின மாதிரி. உடைந்து ரத்தம் உறைய வைக்கிற மோசமான கட்டிகளும் மிகக் குறைவு.

குழாய் அகலமானது எதனால்? நாள் முழுக்க மாட்டுக்குப் பின்னால் நடக்கிற நடை என்று மான் நினைத்தார். உங்கள் அப்பா மசாயைக் காட்டுகிறார் என்றால், அந்த நடையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அப்புறம் ஒன்று, மசாயின் பிரதான உணவு பால். ஈரலுக்குச் சாட்சி சொல்ல அவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் வேறு வழக்குக்கான சாட்சிகள்.

அடுத்து வழக்கமாக வருவது எஸ்கிமோ என்று முன்பு சொல்லப்பட்ட இனுயிட் மக்கள். சீல் என்கிற கடல்நாயின் ஈரலைப் பச்சையாகவே சாப்பிடுகிறவர்கள். 1970-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டயர்பெர்க் என்ற இருவர் கிரீன்லாந்தின் உமன்னாக் பகுதிக்குப் போய் 130 பேரின் ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒமேகா 3 கொழுப்பு அதிகம் இருந்தது. இன்றைக்கு மருந்துக் கடையில் விற்கிற மீன் எண்ணெய்க் காப்ஸ்யூல் முழுக்க அந்தப் பயணத்தின் பேரப்பிள்ளைதான். ஆனால் அவர்கள் அங்கே இதய நோயைக் கணக்கெடுக்கவே இல்லை. ‘அங்கே மாரடைப்பு குறைவு’ என்பதை அரசு சுகாதார அறிக்கைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பனியில் பல நாள் பயணத் தூரத்தில் டாக்டர் இருக்கிற ஊரில், யார் எதனால் இறந்தார் என்று எழுதியிருக்கிற தாள் எவ்வளவு நம்பகமாக இருக்கும்? 2014-இல் கனடாவில் ஃபோடோர் என்கிற ஆய்வாளர் தலைமையில் ஒரு குழு பழைய ஆவணங்களை எல்லாம் திரும்பப் பார்த்து, இனுயிட் மக்களுக்கும் இதய நோய் மற்றவர்களுக்கு வருகிற அளவில் இருந்தது, பக்கவாத மரணம் கூடுதலாகவே இருந்தது என்று சொன்னது.

இதில் ‘நம்ம தாத்தாவுக்கு வரல’ என்கிற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. என் சொந்த ஊரில், “ராத்திரி நெஞ்சு வாயு பிடிச்சுது, சுக்குக் காபி போட்டுக் கொடுத்தோம், விடியுறதுக்குள்ள போயிட்டார்” என்று சொல்லப்படுகிற பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு. அந்த வாயு எது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு இசிஜி எடுத்திருந்தால் தெருவுக்கும் தெரிந்திருக்கும்.

அதைவிடப் பழைய காலத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்கு, அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களிலிருந்து 137 மம்மிகளை சிடி ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த ஆய்வு. 47 பேரின் தமனிகளில் கொழுப்புப் படிந்து கெட்டியான தடம் இருந்தது. அலூஷியன் தீவுக்காரர்கள் கடல் வேட்டையாடிகள், விவசாயமே இல்லை, மைதாவும் இல்லை, பாக்கெட் எண்ணெயும் இல்லை. அந்தத் தீவுகளின் ஐந்து மம்மிகளில் மூன்றுக்கு இருந்தது. எண்ணிக்கை சின்னதுதான், அதை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ‘பழங்காலத்தில் தமனி அடைப்பே கிடையாது’ என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

இனுயிட் பேச்சு எடுத்ததால் ஒரு கிளைக்கதை. ஈரலை அவ்வளவு விரும்புகிற அவர்கள் துருவக் கரடியின் ஈரலை மட்டும் தொட மாட்டார்கள். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, தின்றால் தலைவலி, வாந்தி, தோல் உரிதல். தெரியாமல் தின்ற வெள்ளைக்கார மாலுமிகள் பட்டிருக்கிறார்கள். 1913-இல் அண்டார்டிகாவில் மாசன் என்பவரின் பயணக் குழுவில் இருந்த சேவியர் மெர்ட்ஸ், சாப்பாடு தீர்ந்துபோய் வண்டி இழுத்த நாய்களையே கொன்று தின்ன வேண்டியதாயிற்று. மென்மையாக இருக்கிறதென்று நாயின் ஈரல் அவர் பங்குக்கு அதிகம் போனது. தோல் உரிந்து, புத்தி பேதலித்து இறந்துபோனார். வைட்டமின் ஏ நஞ்சானதுதான் காரணம் என்பது பின்னாளில் பலர் சொன்ன விளக்கம். எந்த மிருகத்தின் ஈரல், எவ்வளவு, யாருக்கு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த மக்களின் பாரம்பரியம். வீடியோக்காரர்கள் ஈரலை மட்டும் உருவி எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, உலகத்திலேயே சுத்தமான இதயத் தமனிகள் யாருக்கு இருந்தன? இதற்கு அளந்து சொன்ன பதில் இருக்கிறது. பொலிவியாவின் அமேசான் காட்டோரத்தில் வாழ்கிற சிமானே மக்கள். 705 பேரை ஊரிலிருந்து அழைத்துவந்து சிடி ஸ்கேன் எடுத்து, 2017-இல் வெளியிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் 85 சதவீதம் பேரின் தமனியில், கொழுப்புப் படிந்து கெட்டியானதைக் காட்டுகிற கால்சியம் பூஜ்யம். அமெரிக்காவில் அதே போன்ற பெரிய ஆய்வில் பூஜ்யம் வந்தவர்கள் 14 சதவீதம் மட்டுமே. எண்பது வயது சிமானே கிழவரின் தமனி, ஐம்பதுகளில் இருக்கிற அமெரிக்கரின் தமனி மாதிரி.

அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அரிசி, வாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு, சோளம். கலோரியில் 72 சதவீதம் மாவுச்சத்து. ஆற்று மீனும் வேட்டைக் கறியும் உண்டு, கிடைத்தால் எதையும் வீணாக்க மாட்டார்கள், ஆனால் மொத்தக் கொழுப்பு 14 சதவீதம்தான். ஆண்கள் நாளுக்கு ஆறேழு மணி நேரம், பெண்கள் நாலிலிருந்து ஆறு மணி நேரம் உடம்பை அசைத்து வேலை செய்கிறார்கள். புகைப்பது அபூர்வம், தொப்பையும் ரத்த அழுத்தமும் அபூர்வம். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்கிற எல்டிஎல் சராசரி 91. அது மாத்திரை போட்டு வந்த 91 இல்லை, பிறந்ததிலிருந்து அப்படி.

இதைச் சொன்னதும் ‘அப்போ சோறு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று யாராவது கிளம்புவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தின்கிற வெள்ளைச் சோறு நம் ஊரில் சர்க்கரை நோயாகத்தான் வந்து நிற்கிறது. மசாயிடம் பால், சிமானேயிடம் வாழைக்காய். தட்டில் இருப்பது நேர் எதிர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது ஒல்லியான உடம்பு, ஓயாத நடை, ஆயுள் முழுக்கக் குறைவான கொலஸ்ட்ரால்.

இனி ஈரலின் நல்ல பக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக நடக்கவில்லை என்று ஆகும். 100 கிராம் பச்சைச் செம்மறி ஈரலில் வைட்டமின் பி12 சுமார் 90 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராம் அளவுதான். ஒரு மாதத்துக்கு மேலான தேவை ஒரே தட்டில். இரும்பு, ஃபோலேட், தாமிரம் எல்லாம் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு இரண்டு கிராம் அளவுதான், தொடைக்கறியைவிட ஈரல் மெலிந்தது. உங்கள் அப்பா அதை வறுக்கிற நெய்யில் ஒரு மேசைக்கரண்டிக்கு எட்டொன்பது கிராம் இருக்கிறது என்பது வேறு கதை. ஈரலைவிட எனக்கு அந்த நெய்மேல்தான் கோபம்.

சுவரொட்டிக்குத் தனியாக ஒரு வார்த்தை. மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். என் அப்பத்தா அதைக் கம்பியில் குத்தி அடுப்புக் கங்கில் காட்டிச் சுடுவாள். மேல்தோல் சுருங்கி வெடிக்கும்போது எடுத்து, உப்பும் மிளகும் தடவி, வயசுக்கு வந்த என் அக்காவுக்கு மட்டும் கொடுப்பாள். எங்களுக்கு விரலில் ஒட்டினது மட்டும். ‘ரத்தம் ஊறும்’ என்பாள். ரொம்ப வருடம் கழித்து உணவுப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். 100 கிராம் பச்சைச் செம்மறி மண்ணீரலில் இரும்பு 40 மில்லிகிராமுக்கு மேல். அதே ஆட்டின் ஈரலைப் போல ஐந்து மடங்குக்கும் கூட. அதுவும் கீரையில் இருக்கிற இரும்பைவிடக் குடல் எளிதாக உறிஞ்சிக்கொள்கிற வகை. ஈரலில் கொட்டிக் கிடக்கிற வைட்டமின் ஏ இதில் இல்லை என்றே சொல்லலாம். அப்பத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரத்தசோகை இருக்கிற பெண்ணுக்கு அது மருந்து.

ஆனால் அப்பத்தா அதைத் தாத்தாவின் நெஞ்சுவலிக்குக் கொடுக்கவில்லை. ரத்தம் ஊறுவது ஒன்று, ரத்தக்குழாய் அடைக்காமல் இருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் கோளாறு.

பி12-ஐ வைத்து இதயத்துக்கு ஒரு பாலம் போட முயன்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பி12-உம் ஃபோலேட்டும் குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும். அது ஏறினவர்களுக்குத் தமனி கெடுகிறது என்று 1969-இல் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் நிறைந்த நம் நாட்டில் ஹோமோசிஸ்டீன் ஏறியிருப்பது சகஜம். அப்படியானால் பி வைட்டமின் கொடுத்து அதை இறக்கினால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? 2006-இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. அதில் ஒன்றில் மட்டும் 5,522 நோயாளிகள், ஐந்து வருடம். ஹோமோசிஸ்டீன் நன்றாக இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை. மருத்துவத்தில் அழகான கதைகள் இப்படி அடிக்கடி உடையும், அதற்குத்தான் சோதித்துப் பார்க்கிறோம்.

‘இதயத்துக்கு இதயம், மூளைக்கு மூளை’ என்று ஒரு கணக்கும் உலாவுகிறது. இதயத் தசையில் கோஎன்சைம் க்யூ10 இருக்கிறது, அது இதயத்துக்குப் பலம் என்பார்கள். இருக்கிறது, பொய்யில்லை. மாட்டு இதயத்தில் 100 கிராமுக்குச் சுமார் 11 மில்லிகிராம். இதயம் பலவீனமான 420 பேருக்கு இதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது, பலனும் தெரிந்தது. ஆனால் அளவு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். அதைக் கறியாகச் சாப்பிட வேண்டுமானால் தினமும் 2.7 கிலோ இதயம். ஒரு ஆட்டின் இதயம் நூறு, நூற்றைம்பது கிராம் தேறும். வீட்டு வாசலில் தினமும் இருபது ஆடு கட்ட இடம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். அதுவும் இதயத் தசை தளர்ந்தவர்களுக்குப் பார்த்த ஆய்வு, குழாய் அடைப்பைத் தடுக்க இல்லை.

மூளை? சமைத்த செம்மறி மூளை 100 கிராமில் கொலஸ்ட்ரால் சுமார் 2,000 மில்லிகிராம். ஒரு முட்டையில் 200-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது பத்து முட்டைக்கும் மேல். உணவில் இருக்கிற கொலஸ்ட்ரால் எல்லோருக்கும் அப்படியே ரத்தத்தில் ஏறாது, பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது, இது சரிதான். முட்டையைப் பார்த்து இன்றைக்கு யாரும் பயமுறுத்துவதில்லை. ஆனால் சிலருக்கு நிஜமாகவே ஏறும், யாருக்கு ஏறும் என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஒருமுறை அடைப்பு வந்த ஆளை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். வருடத்தில் ஒருநாள் தலைக்கறி விருந்தில் ஒரு கரண்டி மூளை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். வாராவாரம் என்பதுதான் சிக்கல்.

நம் கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற கொக்கிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. நெய், கொழுப்புக்கறி போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பு அந்தக் கொக்கிகளைக் குறைக்கிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றித் தமனிச் சுவரில் இறங்குகிறது. ஸ்டாட்டின் செய்வது நேர்மாறு, கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்து, கொக்கிகளைக் கூட்ட வைக்கிறது. அந்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆறாயிரம் போல நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் கியோட்டோவில் அரிசியில் பூத்திருந்த ஒரு பூசணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். ‘கெமிக்கல் மாத்திரை’ என்று அப்பா முறைத்தால், அது அரிசியில் பூத்தது என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது தாத்தாவிடம் வருகிறேன். தாத்தா காலத்தில் கறிக்கடை ஊருக்கு ஊர் கிடையாது. தீபாவளிக்கோ, கோயில் கொடைக்கோ, பத்திருபது வீடு சேர்ந்து ஆடு பிடித்து ‘கூறு’ போடுவார்கள். பனையோலைப் பாயிலோ வாழையிலையிலோ வரிசையாகக் கறிக்குவியல். அறுக்கிறவர் ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், விரல் நீளக் குடல், ஒரு கொழுப்பு என்று எண்ணி வைப்பார். ஒரு கூறில் ஈரல் கூடிவிட்டால் சண்டையே வரும். ஒரு ஆட்டில் ஈரல் அரைக் கிலோவைத் தாண்டாது. இருபது கூறு என்றால் கூறுக்கு இருபத்தைந்து கிராம் கூட வராது. அதை ஒரு வீட்டில் ஐந்தாறு பேர். தாத்தா வாயில் விழுந்தது பெருவிரல் அளவு ஒரு துண்டு. மறுபடியும் அடுத்த கொடைக்கு. இடைப்பட்ட நாளெல்லாம் கம்பங்கூழ், சோளச்சோறு, கீரை, பயறு, கருவாடு, கிணற்றில் கவலை இறைப்பு.

அப்பா வாரம் ஐந்து நாள், நாளுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் 750 கிராம். இந்த அளவுக்குத் தாத்தா தன் கூறுகளைச் சேர்த்தால் எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு ஆட்டுக்கு ஒரு ஈரல்தான் என்கிற கட்டுப்பாடு இருந்த காலம் அது. இப்போது போன் பண்ணினால் ஈரல் மட்டும் ஒரு கிலோ வீட்டுக்கு வருகிறது. மற்ற பத்தொன்பது வீட்டுப் பங்கையும் ஒருவரே சாப்பிடுவதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த 750 கிராமில் வைட்டமின் ஏ எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். பச்சைச் செம்மறி ஈரல் 100 கிராமில் சுமார் 7,400 மைக்ரோகிராம். வாரத்துக்கு 55,000. நாள் கணக்கில் கிட்டத்தட்ட 8,000. பெரியவர்களுக்குத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிற அளவு 3,000. இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், சிறுநீரில் போகாது, கல்லீரலிலேயே சேரும். சமீபமாக அவருக்கு விடாத தலைவலி, முடி கொட்டுதல், தோல் வறண்டு உரிதல், எலும்பு வலி ஏதாவது உண்டா என்று பாருங்கள். வீட்டில் கர்ப்பமாக யாராவது இருந்து, அவர்களுக்கும் இதே சமையல் போகிறது என்றால் ஈரலை இப்போதே நிறுத்துங்கள். அதிக வைட்டமின் ஏ கருவுக்கு ஆபத்து. ரத்தத்துக்கு வேண்டுமென்றால் சுவரொட்டி இருக்கிறது, டாக்டர் கொடுக்கிற இரும்பு மாத்திரை இருக்கிறது.

இன்னொன்று யூரிக் ஆசிட். ஈரல், குண்டிக்காய், சுவரொட்டி எல்லாம், உடம்பில் யூரிக் ஆசிடாக மாறுகிற ப்யூரின் நிறைந்தவை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கிற சின்ன அளவு ஆஸ்பிரினே யூரிக் ஆசிடைக் கொஞ்சம் ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒருநாள் ராத்திரி கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறுகிற நிலைமை. அப்படி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘கால்ல என்னமோ கடிச்சிருச்சு’ என்றுதான் வருவார்கள்.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? ஈரலை அறவே விடச் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது, அறுபது கிராம், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரு கரண்டியில், சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டு. யூரிக் ஆசிட் ஏறியிருந்தால் அதுவும் வேண்டாம். குடலும் கால் சூப்பும் பிடிக்கும் என்றால் முந்தின நாளே வேகவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே உறைகிற வெள்ளைக் கொழுப்பை வழித்துப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். மீன் வாரம் இரண்டு நாள், மத்தி, அயிலை, நெத்திலி போதும், குழம்பாக. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பயறும் சுண்டலும் கீரையும்.

பீடி, சிகரெட், புகையிலை எதுவும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் முதல் வேலை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பின் பெரும்பகுதியை ஒன்பதே காரணங்களுக்குள் அடக்கிவிட்டது. கொழுப்பின் விகிதமும் புகையும் தலைமாட்டில் நிற்பவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மனஅழுத்தம் பின்னால் வருகின்றன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது 53 என்றும், மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருகிறது என்றும் அதே ஆய்வின் கணக்கு. நமக்குக் கையில் இருக்கிற அவகாசம் மற்றவர்களைவிடக் குறைவு.

அப்பாவோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். மசாயும் வெஸ்டன் பிரைஸும் பேசி ஜெயிக்கிற இடம் இல்லை இது. இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து எல்டிஎல், யூரிக் ஆசிட், கல்லீரல் பரிசோதனை மூன்றும் எடுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் தேடி வையுங்கள். அவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும், இப்போதெல்லாம் 55-க்குக் கீழே கொண்டுவரத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். டாக்டரிடம் காட்டி மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, எட்டு வாரம் கழித்து இன்னொருமுறை எடுங்கள். மூன்று தாளையும் வரிசையாக அவர் கையில் கொடுத்து, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு வண்டியில் கூட்டிப் போகாமல் நடத்தியே கூட்டிப் போங்கள், எவ்வளவு தூரமானாலும். கடையில் ஈரல் நூறு கிராம் மட்டும் கேளுங்கள், அது வீட்டுக்கே சேர்த்து. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.